சிவப்பு மை!

1904-ம் ஆண்டு. ஜப்பானில் செண்டாய் என்று ஒரு நகரம். அங்கே இருந்த மருத்துவக் கல்லூரியில் ஒரு மாணவர் தன் நோட்டுப் புத்தகத்தை விரித்தார். விரித்தவர் திகைத்துப் போனார்.

முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே சிவப்பு மை! விட்டுப்போன பாடங்கள் எழுதிச் சேர்க்கப்பட்டு இருந்தன. இலக்கணப் பிழைகள்கூட ஒன்று விடாமல் திருத்தப்பட்டு இருந்தன.

அந்த மாணவர் ஜப்பானியர் அல்ல. சீனர். அந்தக் கல்லூரியில் படித்த ஒரே சீன மாணவர். வயது 23. பெயர் சௌ சூஜென்.

பிற்காலத்தில் "லூ சுன்" என்ற புனைபெயரில் உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர் இவர்தான்.

அடகுக் கடையும் மருந்துக் கடையும்

லூ சுன் 1881-ம் ஆண்டு சீனாவில் சாவ்சிங் நகரில் பிறந்தார். நல்ல வசதியான குடும்பம். தாத்தா பெரிய அதிகாரி. 1893-ல் லஞ்ச வழக்கு ஒன்றில் தாத்தா சிறைக்குப் போனார். குடும்பம் சரிந்தது. தகப்பனாரும் நோயில் படுத்தார்.

சிறுவன் லூ சுன் வீட்டுச் சாமான்களை அடகுக் கடைக்குத் தூக்கிச் செல்வான். கிடைத்த பணத்துடன் மருந்துக் கடைக்கு ஓடுவான். வைத்தியர் கேட்ட சரக்குகளோ விசித்திரமானவை. மூன்று ஆண்டு உறைபனி பட்ட கரும்பு வேண்டும் என்பார். ஜோடி பிரியாத சிள்வண்டு வேண்டும் என்பார். அலைந்து திரிந்து கொண்டுவந்து கொடுத்தும் பயன் இல்லை. 1896-ல் தகப்பனார் இறந்து போனார்.

தன் தகப்பனாரைப் போல ஏமாறும் நோயாளிகளைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் லூ சுன் மனதில் வேர் விட்டது.

1898-ல் தாயார் எப்படியோ 8 வெள்ளி திரட்டிக் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு நான்கிங் நகருக்குப் போய்ப் படித்தார். படிப்பை முடித்ததும் சர்க்கார் உபகாரச் சம்பளம் கிடைத்தது. 1902-ல் ஜப்பானுக்குக் கப்பல் ஏறினார்.

எழுத்து தெரியும், மொழி தெரியாது

டோக்கியோவில் சீன மாணவர்களுக்கு என்றே கோபுன் கல்விச்சாலை இருந்தது. அதை நடத்தியவர், ஜூடோ கலையை உருவாக்கிய கானோ ஜிகோரோ. லூ சுன் அதில் சேர்ந்து இரண்டு ஆண்டு ஜப்பான் மொழி படித்தார்.

ஜப்பானியர் சீன எழுத்துக்களையும் பயன்படுத்துகிறார்கள். ஆகவே, சீனர் ஒருவர் ஜப்பான் பத்திரிகையைப் பார்த்தால் ஓரளவு பொருள் ஊகிக்கலாம். ஆனால், அதை வாய்விட்டுப் படிக்க முடியாது. உச்சரிப்பு வேறு. இலக்கணமும் வேறு. சீன மொழியில் வினைச்சொல் நடுவில் வரும். ஜப்பான் மொழியிலோ, நம் தமிழைப் போல, கடைசியில் வரும்.

அந்தக் காலத்தில் சீனாவை மஞ்சு மன்னர்கள் ஆண்டார்கள். ஆண்கள் நீண்ட சடை வளர்க்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம். 1903-ல் லூ சுன் தன் சடையை வெட்டி எறிந்தார்.

விசித்திர வாத்தியார்

1904-ல் செண்டாய் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே உடற்கூறு பாடம் நடத்தியவர் புஜினோ. 30 வயது. மெலிந்த உடம்பு. உடையில் அக்கறையே கிடையாது. ஒரு நாள் பழைய கோட்டுடன் ரயில் ஏறினாராம். கண்டக்டர் அவரை ஜேப்படித் திருடன் என்று சந்தேகித்து, மற்றப் பயணிகளை உஷார்படுத்தினாராம்! மாணவர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

வகுப்பில் சொல்வதை எல்லாம் எழுதிக்கொள்ளும் அளவுக்கு இந்த வெளிநாட்டு மாணவருக்கு மொழி பிடிபட்டதா? புஜினோவுக்குச் சந்தேகம். நோட்டைக் கேட்டு வாங்கினார். சில நாளில் திருப்பிக் கொடுத்தார். அப்போதுதான் சிவப்பு மை! அதன்பின் வாரம்தோறும் நோட்டு போகும், திருத்தத்துடன் வரும்.

ஒரு முறை, படம் அழகாக இருக்கட்டும் என்று ஒரு ரத்தக் குழாயைச் சற்றுத் தள்ளி வரைந்துவிட்டார் லூ சுன். அழகுக்காக உடம்பை மாற்றக் கூடாது, உள்ளதை உள்ளபடி வரைய வேண்டும் என்று புஜினோ பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

மொட்டைக் கடிதம்

பரீட்சை முடிவு வந்தது. 142 பேரில் லூ சுன் 68-வது இடம். உடனே அவருக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. புஜினோ கேள்விகளை முன்கூட்டியே குறித்துக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. உண்மை என்ன தெரியுமா? புஜினோவின் உடற்கூறு பாடத்தில் லூ சுன் பெற்ற மார்க் 59.3. அவருக்கு மிகக் குறைந்த மார்க் கிடைத்த பாடமே அதுதான்! நண்பர்கள் வாதாடினார்கள். வதந்தி அடங்கியது. ஆனால், சீனன் என்றால் மட்டமா என்ற வேதனை அடங்கவில்லை.

பிறகு நடந்ததை லூ சுன் தானே எழுதி இருக்கிறார். கிருமிப் பாடம் முடிந்து நேரம் மிஞ்சினால், திரையில் ரஷ்ய - ஜப்பான் யுத்தப் படங்கள் காட்டுவார்கள். ஒரு படத்தில், ரஷ்யாவுக்கு உளவு சொன்னதாக ஒரு சீனனின் தலையை வெட்டப் போகிறார்கள். சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பவர்களும் சீனர்களே! திடமான உடம்பு, முகத்தில் உணர்ச்சியே இல்லை.

உடம்புக்கு மருந்து கொடுத்தால் போதாது, உள்ளத்தை எழுப்ப வேண்டும் என்று லூ சுன் முடிவு செய்தார். அதற்கு எழுத்தே கருவி என்று எண்ணினார்.

வாத்தியாரின் படம்

1906-ல் கல்லூரியை விட்டார். புஜினோ முகம் வாடியது. அவரைத் தேற்றுவதற்காக, உயிரியல் படிக்கப் போவதாக ஒரு பொய் சொன்னார். புஜினோ தன் புகைப்படத்தைக் கொடுத்து, கடிதம் எழுதச் சொன்னார்.

லூ சுன் எழுதவே இல்லை! சொல்லிக்கொள்ளும்படி எதையும் சாதிக்கவில்லையே என்ற கூச்சம். 1909-ல் டோக்கியோவில் அவர் தம்பியுடன் மொழிபெயர்த்து வெளியிட்ட கதைப் புத்தகம் அங்கே இருபது பிரதி அளவில்தான் விற்றது. அந்த ஆண்டே சீனா திரும்பினார். 1918-ல் வெளிவந்த கதைதான் அவருக்குப் புகழ் தேடித் தந்தது.

பீகிங்கில் அவர் எழுதும் மேஜைக்கு எதிரே சுவரில் புஜினோவின் படம் தொங்கியது. சோர்வு வரும்போது அந்த முகத்தைப் பார்ப்பார். மறுபடி பேனாவை எடுப்பார். 1926-ல் தன் வாத்தியாரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1935-ல் ஜப்பானில் தன் நூல் வெளியானபோது, அந்தக் கட்டுரையைக் கட்டாயம் சேர்க்கச் சொன்னார். புஜினோ கண்ணில் படாதா என்ற ஆசை! ஆனால், இருவரும் மீண்டும் சந்திக்கவே இல்லை.

1936 அக்டோபர் 18. ஷாங்காயில் லூ சுன் மூச்சுத் திணறலில் தவித்தார். டாக்டரை அழைக்கும்படி, புத்தகக் கடை நடத்திய ஜப்பான் நண்பருக்கு நாலு வரி எழுதினார். அவர் எழுதிய கடைசிக் கடிதம் அதுதான். அதை அவர் எழுதியது ஜப்பான் மொழியில். மறுநாள் காலமானார்.

அப்போது புஜினோ, தன் சொந்த ஊர்ப் பக்கம் கிராம வைத்தியராக இருந்தார். கல்லூரி வேலை போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மாணவரை நினைத்து 1937-ல் அவரும் ஒரு கட்டுரை எழுதினார். சிறு வயதில் தான் சீன நூல்களைப் பாடம் கேட்டதாகவும், ஆகவே சீனர்களை மதிப்பது முறை என்று எண்ணியதாகவும் அதில் சொன்னார். நோட்டைத் திருத்தியதை ஒரு பெரிய காரியமாகவே அவர் நினைக்கவில்லை. 1945-ல் இறந்தார்.

அந்த நோட்டுகள் தொலைந்துவிட்டன என்று லூ சுன் வருந்தி எழுதி இருந்தார். அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின் அவை சாவ்சிங்கில் கிடைத்தன. இப்போது பீகிங்கில், லூ சுன் பெயரால் அமைந்த பொருட்காட்சிச் சாலையில் இருக்கின்றன.

பக்கத்துக்குப் பக்கம் அந்தச் சிவப்பு மையும் இருக்கிறது.