அறுவை மருத்துவர் அல்-ஸஹ்ராவி

சிறுநீரகத்திலோ புராஸ்டேட் சுரப்பியிலோ சீழ் கோத்துக்கொள்ளும் நோய் அரிது. அரிதாதலின், வெறும் நீர்க்கடுப்பென எண்ணி நாள்கள் கழிந்துவிடுவதும் உண்டு. இன்று நம் அம்பத்தூரிலும் ஆவடியிலும் ஸ்கேன் எடுத்துச் சீழின் இடத்தைக் கண்டறிகின்றனர். அவ்வசதி ஏதுமில்லாத ஆயிரமாண்டுகட்கு முன், கண்ணும் விரலுமே துணையாக இத்துறையில் உழைத்தவர் ஸ்பெயின் நாட்டு அபுல் காஸிம் அல்-ஸஹ்ராவி.

குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ரா அவர்தம் ஊர். 1013ஆம் ஆண்டளவில் மறைந்தார். அவர் யாத்த 'அத்தஸ்ரீஃப்' முப்பது பகுதிகள் கொண்டது. இறுதிப் பகுதி அறுவை மருத்துவம். கருவிகளின் படங்களும் அதில் உள. நீரடைப்புக்கு மெல்லிய வெள்ளிக் குழாய். நீர்ப்பையில் புண்ணோ சீழோ இருப்பின் மருந்து செலுத்தப் பீச்சுக்குழல். பெருங்கட்டியைக் கீறுங்கால், முதியோர்க்கும் நலிந்தோர்க்கும் சீழை ஒரேயடியாக வடித்தலாகாது, சிறிது சிறிதாகவே வடித்தல் வேண்டும் என்றார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிரெமோனா நகரத்து ஜெரார்டு அப்பகுதியை இலத்தீனில் பெயர்த்தார். ஐரோப்பிய மருத்துவர் பல நூற்றாண்டுகள் அதனைப் பயின்றனர்.

கருவிகளைப் புகழ்வோர் ஏனோ மறந்துவிடும் நிகழ்ச்சியொன்றே நம்மைப் பெரிதும் தொட்டது. முதியவர் ஒருவர்க்கு நீர்ப்பையில் பெருங்கல். அழைக்கப்பெற்ற அல்-ஸஹ்ராவி கல்லின் பருமனையும் நோயாளியின் நிலையையும் நோக்கி, அறுத்தால் உயிர் தங்காதென உணர்ந்தார். வேறொரு மருத்துவர் துணிந்து அறுத்தார். கல்லோடு நீர்ப்பையின் துண்டொன்றும் வந்தது. மூன்றாம் நாளளவில் முதியவர் இறந்தார். உடற்கூறு அறியாமல் கத்தியைத் தொடாதிருக்கும்பொருட்டு, அதனைத் தம் மாணாக்கர்க்கு நூலின் முகப்பிலேயே எழுதிவைத்தார்.