முப்பது ரூபாய் உத்தியோகம்

கணித மேதை சீனிவாச இராமானுஜன் கல்லூரித் தேர்வில் தேறாதவர். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் கணிதமொன்றிலேயே மூழ்கி ஏனைய பாடங்களைக் கைவிட்டதால் உதவித்தொகையை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் எஃப்.ஏ. கைகூடவில்லை. 1909-இல் திருமணமும் நடந்தேறியது. பட்டமில்லை, வருவாயில்லை, பொறுப்போ வந்துவிட்டது.

1910-இல், அந்நாளில் நம் தென்னார்க்காட்டைச் சேர்ந்திருந்த திருக்கோவிலூருக்கு வந்தார். இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய வி. இராமசாமி அய்யர் அங்கு டெபுடி கலெக்டர். அவரிடம் தம் கணக்கேடுகளைக் காட்டி, எழுத்தர் வேலையொன்று வேண்டினார். ஏடுகளைக் கண்ட அய்யர், இவரைத் தாலுகா அலுவலகத்தில் முடக்கலாகாதெனச் சென்னைக்கே பரிந்துரைத்து அனுப்பினார். பின்னர் நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் தம் கைப்பணத்தால் மாதந்தோறும் ஆதரித்தார். கணக்கிலேயே மூழ்கியிருக்க இதைவிட வாய்ப்பேது? ஆயினும் பிறருக்குச் சுமையாய் நெடுநாளிருக்க இராமானுஜன் மனம் ஒப்பவில்லை, வேலை தேடினார்.

1912 மார்ச்சு முதல் நாள், சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தரானார். மனைவி ஜானகியும் தாயாரும் சென்னை வந்து உடன் தங்கினர். அலுவலகத்தின் மேலதிகாரி நாராயண அய்யரும் கணிதம் வல்லவர். இரவு வேளைகளில் இருவரும் கற்பலகைகளோடு அமர்ந்தனர்.

1913 சனவரி 16-ஆம் நாளிட்டுக் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், துறைமுகக் கணக்குப் பிரிவின் எழுத்தரென்றே தம்மை அறிமுகம் செய்துகொண்டார்.