பட்டறையே பள்ளிக்கூடம்!
(ஜி.டி. நாயுடு வாழ்வு சொல்லும் பாடம்)



ஆண்டு மலர் என்றால் கவிதை இருக்கும், ஜோக் இருக்கும், குரூப் போட்டோ இருக்கும். நடுவில் ஒரு வாழ்க்கை வரலாறா என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நான் சொல்லப்போகிறவர் நம்ம ஆளு. கையில் கிரீஸ் ஒட்டினால் முகம் சுளிக்காதவர். ஆரம்பப் பள்ளியோடு படிப்பை முடித்துக்கொண்டவர். ஆனால், ஒரு பாலிடெக்னிக் பிறக்கக் காரணமாக இருந்தவர். என்ஜினீயரிங் காலேஜுக்கே பிரின்சிபாலாக இருந்தவர்! அவர்தான் கோயம்புத்தூர் தந்த மேதை ஜி.டி. நாயுடு.

1893 மார்ச் 23-ல் சூலூர் பக்கத்திலுள்ள கலங்கல் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் துரைசாமி. பையனுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒத்துவரவில்லை. திண்ணையில் உட்கார்ந்து ஒப்பிப்பது அவனுக்கு வேப்பங்காய். வாத்தியார் முகத்தில் மண்ணை வாரி வீசிவிட்டு ஓடினான் என்று இன்றும் கோவை வட்டாரத்தில் கதை சொல்வார்கள். படிப்பு நின்றது, தோட்ட வேலை தொடங்கியது. மக்குப் பையன் என்று ஊர் முடிவு கட்டியிருக்கும்.

ஆனால் நடந்தது என்ன?

ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, வண்டி மட்டும் ஓடுகிறது! அது ரட்ஜ் கம்பெனி வண்டி. மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். துரைசாமிக்கோ, இது எப்படி ஓடுகிறது என்ற ஒரே கேள்வி மண்டையைக் குடைந்தது. கோவைக்குப் போய் ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தார். வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டிக் காசு சேர்த்து அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் ஊரைச் சுற்றவில்லை. அக்கக்காகக் கழற்றிப் போட்டார். திரும்பவும் பூட்டினார். சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது. தப்பாகப் பூட்டினால் வண்டி ஓடாது, சரியாகப் பூட்டினால் ஓடும். அந்த எஞ்சின்தான் அவருக்கு வாத்தியார், அதுவேதான் பரீட்சையும். நல்ல மெக்கானிக்காக எழுந்து நின்றார்.

1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்ட ஆரம்பித்தார். அந்த ஒரு பஸ்தான் யு.எம்.எஸ். என்ற கம்பெனியாக வளர்ந்து, 1930-களில் இருநூறுக்கும் மேற்பட்ட பஸ்களாகப் பெருகியது. வெளிநாடுகளுக்குப் போனார். அங்கேயும் தொழிற்சாலை வாசலில்தான் அவர் கால் நின்றது. பாட்டரியில் ஓடும் சவர ரேசரை உருவாக்கி ஜெர்மனியிலேயே தயாரிக்க வைத்தார். 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து பீளமேட்டில் மின்சார மோட்டார் தயாரித்தார். இந்தியாவிலேயே உருவான முதல் மின்சார மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். கோவை மோட்டார் தொழிலுக்கு அது பிள்ளையார் சுழி. நம்ம சேலம், நாமக்கல் கிணறுகளில் கமலை போய் மோட்டார் வந்த கதையில் கோயம்புத்தூருக்குப் பெரிய பங்கு உண்டு.

இனிதான் முக்கியமான கட்டம்!

பணமும் புகழும் வந்த பிறகு, தன்னைத் துரத்திய படிப்பின் பக்கமே அவர் திரும்பினார். 1945-ல் கோவையில் அவர் கொடுத்த நன்கொடையாலும் முயற்சியாலும் ஒரு பாலிடெக்னிக்கும் ஒரு பொறியியல் கல்லூரியும் தோன்றின. அன்றைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயர் வைக்கப்பட்டது. அந்தக் கல்லூரிதான் இன்று கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. நாயுடுவே பிரின்சிபால் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆனால் நீடிக்கவில்லை. நான்கு வருஷப் படிப்பு மாணவன் காலத்தை வீணாக்குகிறது, வேலையோடு சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் இரண்டு வருஷம் போதும் என்பது அவர் கட்சி. அரசாங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. நாற்காலியை உதறிவிட்டு வெளியே வந்துவிட்டார்!

அவர் பேச்சு முழுக்கச் சரியா? நான் யோசித்துப் பார்த்தேன். கையால் செய்து கற்க வேண்டும் என்று சொன்னவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. அமெரிக்காவில் ஜான் டூயி 1896-லேயே சிகாகோவில் அப்படி ஒரு பள்ளி நடத்தினார். நம் காந்தியடிகள் 1937-ல் வார்தாவில் கைத்தொழில் வழியே பாடம் சொல்லும் ஆதாரக் கல்வியை முன்வைத்தார். குழந்தையைப் பாருங்கள்: பொம்மை கிடைத்தால் உடைத்துத்தான் பார்க்கும். பெரியவர்களைப் பாருங்கள்: தேவை வந்தால் எந்த வயசிலும் கற்பார்கள். நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிறவர்களும், திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிக்காரர்களும் பெரும்பாலும் பட்டறையிலும் வண்டியிலும்தானே தொழில் பழகினார்கள்? அஸ்தம்பட்டியில் டூவீலர் பட்டறையில் நிற்கும் பொடியன் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்வதை நான் எத்தனையோ தடவை பார்த்து வாயைப் பிளந்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று. அந்தப் பொடியனுக்கு டேப்பெட் சத்தம் தெரியும். புது மாடல் எஞ்சின் வந்தால், அது ஏன் அப்படி இருக்கிறது என்று சொல்லத் தியரி வேண்டும். நாயுடுவுக்கு அந்த ஏன் என்ற கேள்வி சின்ன வயசிலேயே இருந்தது. ஆகவே வருஷக் கணக்கு எனக்குப் பெரிதாகப் படவில்லை. கேள்வி இல்லாதவனுக்கு இரண்டு வருஷமும் தண்டம், நான்கு வருஷமும் தண்டம்!

இன்னொன்றும் உண்டு தோழர்களே. கழற்றிப் பார்க்க நாயுடுவிடம் சொந்த வண்டி இருந்தது. நம்மில் பலர் வீட்டில் என்ன இருக்கிறது? தறி ஓட்டும் அப்பாவிடமும் கூலிக்குப் போகும் அம்மாவிடமும் ஒரு எஞ்சின் வாங்கிக் கொடு என்று கேட்க முடியுமா? காலேஜ் லேத்தும், வெல்டிங் செட்டும், வைண்டிங் மெஷினும்தான் நமக்குக் கிடைத்த ரட்ஜ் மோட்டார் சைக்கிள். அதை ஒருத்தன் ஓட்ட, ஒன்பது பேர் சுற்றி நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, சாயங்காலம் ரெக்கார்டு நோட்டைக் காப்பி அடித்தால், மூணு வருஷம் முடிந்து கையில் டிப்ளமோ இருக்கும், கைக்குள் தொழில் இருக்காது. இண்டர்வியூவில் மைக்ரோமீட்டரை நீட்டும்போது குட்டு உடைந்துவிடும். டிப்ளமோதானே என்று உலகம் இளப்பமாகப் பேசுவதற்கு நாமே சான்றிதழ் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

எனவே மாணவர் பேரவைக்கு என் விண்ணப்பம் இதுதான். வரும் ஆண்டில் ஆட்டம் பாட்டத்தோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாசம் இரண்டு சனிக்கிழமை மதியம், ஆசிரியர் ஒருவர் மேற்பார்வையில் ஒர்க்‌ஷாப்பைத் திறந்து வைக்க அனுமதி கேட்போம். காயலான் கடையிலிருந்து பழைய எஞ்சின் ஒன்று, எரிந்துபோன மோட்டார் ஒன்று வாங்கிப் போடுவோம். மார்க் வேண்டாம், ரெக்கார்டு வேண்டாம். கழற்றத் தெரிந்த சீனியர் பூட்டத் தெரியாத ஜூனியருக்குச் சொல்லிக்கொடுக்கட்டும்.

1974 ஜனவரி 4-ல் மறைந்தார் ஜி.டி. நாயுடு. 2025-ல் கோவை அவினாசி சாலையில் திறந்த பத்து கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். பாலத்தின் மேல் போகிறவர்கள் அவர் பெயரைப் படிக்கட்டும். நாம் ஸ்பேனரைக் கையில் எடுப்போம், வாருங்கள்!

வாழ்க உழைப்பு! வளர்க தொழிற்கல்வி!