சுப்பாராவ்

பனமலைக் குன்றின்மேல் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயிலைக் காண ஏறுவோர் பாதிவழியில் நின்று இளைப்பாறுவர். சற்று நேரத்தில் கால்களில் மீண்டும் வலிமை ஊறும். இவ்வலிமை தசையினுள் எப்பொருளாய் அமைந்திருக்கிறது? இவ்வினாவிற்கு விடை கண்டவருள் ஒருவர், சென்னையில் மருத்துவம் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார்.

இவர் 1895ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12ஆம் நாள், அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் மும்முறை முயன்றே தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் இவர் கதராடை உடுத்தியமை பேராசிரியர் ஒருவருக்குச் சினமூட்டிற்று, எம்.பி.பி.எஸ். பட்டத்திற்கு மாற்றாக அதனிற் குறைந்த எல்.எம்.எஸ். சான்றே கிடைத்தது. அதனினும் பெருந்துயர் ஒன்று உண்டு. ஸ்புரூ என்னும் கழிச்சல் நோய், இவருடைய உடன்பிறந்தார் இருவரைச் சில நாள் இடைவெளியில் கவர்ந்து சென்றது.

பாஸ்டன் நகரை அடைந்தபோது இவர் கையில் பொருளில்லை. இரவில் மருத்துவமனையில் நோயாளிகளின் மலசலக் கலங்களைக் கழுவிப் பொருள் ஈட்டி, ஹார்வர்டில் கற்றார். அங்கே ஃபிஸ்கே என்னும் பேராசிரியருடன் கூடி, குருதியிலுள்ள பாஸ்பரத்தை நிறத்தால் அளந்தறியும் முறையை 1925இல் வெளியிட்டார். கரைசலில் நீலம் எவ்வளவு ஆழ்ந்திருக்கிறதோ, அவ்வளவிற்குப் பாஸ்பரம் மிகுதி, முறை இவ்வளவே. எளியதுதான், ஆயினும் இஃதின்றேல் பின்வந்தவை இல்லை.

தசைச் சாற்றை இம்முறையால் ஆய்ந்தபோது, நேரம் செல்லச் செல்ல நீலம் மிகுந்துகொண்டே போயிற்று. பிழையென்று தள்ளிவிட ஏற்ற இடம் அது. அவ்விருவரும் தள்ளினாரல்லர். அமிலத்தில் சிதைந்து பாஸ்பேட்டை வெளிவிடும் பொருளொன்று தசையில் மறைந்திருத்தல் வேண்டும் எனத் தெளிந்தனர். அதுவே 1927இல் வெளிப்பட்ட பாஸ்போகிரியேட்டின். தசை உழைக்குங்கால் அது குறையும். ஓயுங்கால் மீண்டும் பெருகும். 1929இல் ஏ.டி.பி. என்னும் அடினோசின் டிரைபாஸ்பேட்டையும் கண்டனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமன் என்பவரும் தனித்து அதனைக் கண்டார். அடினின், ரைபோஸ் என்னும் சர்க்கரை, மூன்று பாஸ்பேட்டுகள் ஆகியவை இணைந்த மூலக்கூறு அது. அதனின்று ஒரு பாஸ்பேட்டு நீரால் பிரியுங்கால் வெளிப்படும் ஆற்றலே தசையைச் சுருக்குகிறது. செலவான ஏ.டி.பி.யைப் பாஸ்போகிரியேட்டின் விரைந்து ஈடுசெய்கிறது.

இத்துணை செய்தும் ஹார்வர்டில் இவருக்கு நிலையான பதவி வாய்க்கவில்லை. 1940இல் லெடர்லி ஆய்வுக்கூடத்திற்குச் சென்றார். அங்கு இவர் தலைமையில் ஃபோலிக் அமிலம் செயற்கையாக ஆக்கப்பட்டது. உடன்பிறந்தாரைக் கொன்ற ஸ்புரூ நோய்க்கு அதுவே மருந்தாயிற்று. யானைக்கால் நோயைத் தடுக்கத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் வழங்கப்பட்ட டைஎதில்கார்பமசீன் மாத்திரையும் இவர் குழுவினர் கண்டதே.

1948 ஆகஸ்டுத் திங்களில் நியூயார்க்கில் மாரடைப்பால் உயிர் நீத்தார். அப்போது அகவை 53. இந்திய அரசு இவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது 1995இல்.