சித்தப்பாவின் விதியும் கண்ணாடி வில்லையும்

என் தம்பியின் வலக்கண்ணில் கருவிழிப்படலம் மெலிந்து, கூம்புபோல முன்தள்ளுவது சென்ற ஆண்டு தெரியவந்தது. இதைக் கெராட்டோகோனஸ் என்பார்கள். மூக்குக்கண்ணாடி போட்டும் ஆங் மோ கியோவில் பேருந்து எண்கள் அவனுக்கு இரண்டு மூன்றாகத் தெரிந்தன. இப்போது கடினவகை காண்டாக்ட் லென்ஸ் அணிகிறான். அதன் வரலாற்றைத் தேடியபோது பழக்கமான பெயர் ஒன்று கண்ணில்பட்டது: ஃபிக்.

உயிரியல் பாடத்தில் ஃபிக்கின் பரவல் விதியைப் படித்திருப்பீர்கள். 1855ல் அதை வகுத்தவர் அடால்ஃப் ஃபிக். வில்லையைச் செய்தவர் அவருடைய அண்ணன் மகன். அவர் பெயரும் அடால்ஃப் ஃபிக்தான். இருவரும் ஒருவரே என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

இளைய ஃபிக் 1852ல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் பிறந்தார். தந்தை உடற்கூறியல் பேராசிரியர். அவர் சீக்கிரமே இறந்துவிட, சிறுவன் சித்தப்பா குடும்பத்தில் வளர்ந்தான். பின்னர் மருத்துவம் படித்து, சுவிட்சர்லாந்தின் ஸூரிக் நகரில் கண் மருத்துவரானார்.

கூம்பான கருவிழியின் மேற்பரப்பு சீராக இருக்காது. அதனால் ஒளி ஒரே இடத்தில் குவியாது. மூக்குக்கண்ணாடி அதைச் சரிசெய்யப் போதாது. அந்த மேடுபள்ளத்தைத் திரவத்தால் நிரப்பி, மேலே வழவழப்பான கண்ணாடி ஓட்டை வைத்தால் என்ன என்று ஃபிக் யோசித்தார். முயலின் கண்ணில் அச்செடுத்து, அதற்கேற்பக் கண்ணாடி ஓடுகளைச் செய்வித்தார். உள்ளே குளுக்கோஸ் கரைசல். முதலில் முயல்களுக்கு, அடுத்துத் தம் கண்ணுக்கு, அதன் பிறகே மற்றவர்களுக்கு. இந்த வரிசைக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. ஓடுகளின் அகலம் 18 முதல் 21 மில்லிமீட்டர். பெரியது நம் 20 காசு நாணயம் அளவு இருக்கும். அதைக் கண்ணுக்குள் வைப்பதைக் கற்பனை செய்து பாருங்கள்!

1888ல் அவர் இதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். ஆனால், ஓட்டைச் சுமார் இரண்டு மணி நேரமே அணிய முடிந்தது. அதற்குமேல் கருவிழி மங்கி, விளக்குகளைச் சுற்றி ஒளிவளையம் தெரிந்தது. கருவிழிப்படலத்தில் ரத்தக் குழாய்கள் இல்லை. காற்றிலுள்ள உயிர்வாயு கண்ணீரில் கரைந்து, பரவல் மூலமே அதற்குள் செல்லவேண்டும். கண்ணாடி அதைத் தடுத்துவிடுகிறது. சித்தப்பா எழுதிய விதி, அண்ணன் மகனின் வில்லையில் வந்து நின்றது! இக்காரணம் பல ஆண்டுகளுக்குப் பிறகே தெளிவானது.

முதல் உலகப் போரின்போது ஃபிக் போர்க்கள மருத்துவமனைகளுக்குத் தலைமை தாங்கினார். 1937ல் காலமானார். உயிர்வாயு ஊடுருவும் கடினவகை வில்லைகள் 1970களில்தான் வந்தன.

தம்பி காலை ஏழு மணிக்கு அணியும் வில்லையை இரவு எட்டு மணிக்குத்தான் கழற்றுகிறான்.