சிவாவும் ஒரு தனித்தட்டும்

நம் தருமபுரி மாவட்டத்தில் பாப்பாரப்பட்டிக்கு ஒரு தனிப்பெருமை உண்டு. விடுதலை வீரர் சுப்பிரமணிய சிவா கண்மூடிய ஊர் அது.

வத்தலக்குண்டில் 1884 அக்டோபர் 4 அன்று பிறந்தவர் சிவா. 1908இல் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனாரோடு இணைந்து கோரல் ஆலைத் தொழிலாளர்களுக்காகக் குரல் கொடுத்தார். அவ்வாண்டே சிறை புகுந்தார். 1912இல் வெளிவந்தவரைத் தொழுநோய் பற்றியிருந்தது. நோயைக் காரணம் காட்டி, அவர் ரயிலில் ஏறவே ஆங்கில அரசு தடை விதித்தது. சிவா சோர்ந்தாரில்லை. கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்று முழங்கினார். பாப்பாரப்பட்டியில் பாரத ஆசிரமம் கண்டார். அங்கே பாரத மாதா கோயிலுக்கு 1923இல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். கோயில் எழுவதைக் காணாமலே, 1925 சூலை 23 அன்று, நாற்பது வயதில் சிவா மறைந்தார்.

நூலில் படித்த இவ்வரலாறு என் நெஞ்சில் தைத்தது ஒரு சமையற்கூடத்தில்தான். நாட்டு நலப்பணித் திட்ட முகாமின்போது ஒரு முதியோர் இல்லத்தில் பாத்திரம் துலக்கும் பணி எனக்கு வாய்த்தது. தொழுநோயிலிருந்து என்றோ குணமடைந்த பெரியவர் ஒருவரின் தட்டு மட்டும் சன்னலோரம் தனியே கிடந்தது. அதைத் தொடுவாரில்லை. மற்றத் தட்டுகளோ வெதுவெதுப்பான நீரில் முக்கப்பட்டு, ஒரே ஈரத்துணியால் துடைக்கப்பட்டன!

எண்ணிப் பாருங்கள். சேர்ந்து உண்பதால் தொழுநோய் பரவாது. குணமடைந்தவரிடமிருந்து பரவவே பரவாது. ஆனால் வயிற்றுப்போக்குக் கிருமிகள் சரியாகக் கழுவாத தட்டிலும் அழுக்குத் துணியிலும் வாழும். உடல் தளர்ந்த முதியவருக்கு அவை எமனாகலாம். எச்சிலை வழித்து, சோப்பு நீரில் துலக்கி, நல்ல நீரில் அலசி, 77 டிகிரி செல்சியசுக்குக் குறையாத வெந்நீரில் அரை நிமிடம் அமிழ்த்தி, துணி படாமல் காற்றில் உலர்த்துவதே முறை. கை பொறுக்கும் சூட்டைக் கிருமியும் பொறுத்துக்கொள்ளும். ஆகவே கையை நம்பாமல் வெப்பமானியை நம்ப வேண்டும்.

அன்று சிவாவை ரயிலிலிருந்து விலக்கிய அதே அச்சந்தான் இன்று ஒரு தட்டைச் சன்னலோரம் ஒதுக்கியிருந்தது. அஞ்ச வேண்டியதற்கோ ஒருவரும் அஞ்சவில்லை.

மாலையில் அண்டாவில் நீரைக் கொதிக்க வைத்தோம். பெரியவரின் தட்டையும் மற்றத் தட்டுகளோடு கம்பிக்கூடையில் அடுக்கி இறக்கினேன். உலர்ந்தபின் பார்த்தேன்; அவற்றுள் அவருடைய தட்டு எதுவென்று எனக்கே தெரியவில்லை.