ஆதித்த கரிகாலன் கொலை: காட்டுமன்னார்கோவில் கல்வெட்டு சொல்வது என்ன? சொல்லாமல் விட்டது என்ன?

'பொன்னியின் செல்வன்' பார்த்துட்டு வெளியே வந்தவங்க பலருக்கும் ஒரே கேள்விதான். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? கல்கியும் நாவலில் இதை முடிச்சாகவே விட்டுவிட்டார். ஆனா, கொலையாளிகளின் பெயரைச் சொல்லும் கல்வெட்டு ஒன்று கடலூர் மாவட்டத்தில் இன்னைக்கும் இருக்கு.

யார் இந்த ஆதித்த கரிகாலன்?

சுந்தர சோழர், வானவன் மாதேவி தம்பதியின் மூத்த மகன். குந்தவையும் ராஜராஜனும் உடன்பிறந்தவர்கள். சின்ன வயதிலேயே சேவூர்ப் போர்க்களத்தில் பாண்டிய மன்னனை எதிர்த்து நின்றவர். வீரபாண்டியன் தலையைக் கொண்டவர் என்பதே அவருடைய பட்டப்பெயர். தந்தை உயிரோடு இருக்கும்போதே இளவரசுப் பட்டம், தன் பெயரில் கல்வெட்டுகள் என அடுத்த அரசர் இவர்தான் என்பது உறுதியாகி இருந்தது.

ஆனா, சுமார் 969-ம் ஆண்டில் கொல்லப்பட்டார். அரியணை தம்பிக்குப் போகவில்லை. சித்தப்பா முறையான உத்தம சோழருக்குப் போனது. குடும்பத்துக்குள்ளேயே சதியா என்ற சந்தேகம் இங்கதான் ஆரம்பிக்குது.

கல்வெட்டில் என்ன இருக்கு?

சிதம்பரத்திலிருந்து சுமார் 25 கி.மீ. தொலைவில், வீராணம் ஏரியை ஒட்டி இருக்கும் ஊர் காட்டுமன்னார்கோவில். அங்குள்ள உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயிலில்தான் அந்தக் கல்வெட்டு. ராஜராஜன் பட்டமேறிய 2-ம் ஆண்டைச் சேர்ந்தது.

சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகிய சகோதரர்களைக் கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்கிறது. அவர்களின் பிள்ளைகள், மனைவிமார், மாமன்மார், பெண் எடுத்த வீட்டார் வரை எல்லோருடைய சொத்தையும் பறிமுதல் செய்ய உத்தரவு. கொலையில் நேரடியாக ஈடுபடாத சொந்தக்காரங்களின் சொத்தும் இந்த உத்தரவில் அடங்கியது.

பாண்டிய சதியா, சோழ சதியா?

ரவிதாசனின் பட்டம் பஞ்சவன் பிரமாதிராஜன். பஞ்சவன் என்றால் பாண்டியன். அதனால் இது வீரபாண்டியனுக்கான பழிவாங்கல் என்பது ஒரு தரப்பு. ஆனா, தம்பி பரமேஸ்வரனின் பட்டம் இருமுடிச்சோழ பிரமாதிராஜன். பிரமாதிராஜன் என்பது அரசின் உயர் அதிகாரிகளுக்குத் தரும் பட்டம். அதாவது, கொலையாளிகள் அரசுக்குள்ளேயே இருந்திருக்காங்க.

உத்தம சோழர் மீது ஏன் சந்தேகம்?

அவருடைய சுமார் 15 ஆண்டு ஆட்சியில் கொலையாளிகள் தண்டிக்கப்பட்டதாகக் கல்வெட்டு எதுவும் இல்லை. அதனால் வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி அவரைச் சந்தேகித்தார். சதாசிவ பண்டாரத்தார் இதை மறுத்தார். தண்டனை முன்பே முடிந்திருக்கலாம், உடையார்குடி கல்வெட்டு மிச்சமிருந்த நில விவகாரத்தை மட்டும் பேசுகிறது என்பவர்களும் உண்டு.

இன்னொரு விஷயமும் இருக்கு. உத்தம சோழரின் இயற்பெயர் மதுராந்தகன். ராஜராஜன் தன் மகன் ராஜேந்திரனுக்கு முதலில் வைத்த பெயரும் அதுதான். உத்தம சோழரின் மகனோ ராஜராஜன் ஆட்சியிலேயே கோயில்களை மேற்பார்வையிடும் பொறுப்பில் இருந்தார். அண்ணனைக் கொன்றவர் என்று நம்பினால், அவர் மகனிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்திருப்பாரா?

உண்மை என்ன?

கல்கி கதையில் கொலை நடப்பது கடம்பூர் மாளிகையில். கல்வெட்டு இடத்தையும் சொல்லவில்லை, ஏவியவரையும் சொல்லவில்லை. பிற்காலத் திருவாலங்காடு செப்பேடும், ஆதித்தன் சொர்க்கத்தைக் காணப் போனான் என்று நாசூக்காகக் கடந்துவிடுகிறது.

கொன்றவர்கள் பெயர் கல்லில் இருக்கு. கொல்லச் சொன்னவர் பெயர் எங்கும் இல்லை. உத்தம சோழர் மீதான பழி, சுமார் 1,050 ஆண்டுகள் கழிச்சும் வெறும் சந்தேகம்தான். அடுத்த முறை சிதம்பரம் போனா, உடையார்குடிக்கும் ஒரு எட்டு போயிட்டு வாங்க.